படைக்குப் போய்த் திரும்புபவரின் வேலை

பிராந்திய ராணுவம் முழுநேரப் படை அன்று. சொந்தப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே பயிற்சி பெற்று, நாடு அழைக்கும்போது சீருடை அணிவோரின் படை அது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரல் ராஜாஜியால் தொடங்கிவைக்கப்பட்டது. கோவையிலும் திருச்சியிலும் அதன் காலாட்படைப் பிரிவுகள் உள்ளன. 1965, 1971 போர்களில் அது பணியாற்றியிருக்கிறது.

அழைக்கப்பட்டவரின் வேலை என்னவாகும்? அதற்கு விடை சட்டத்தின் 7ஏ பிரிவு. வேண்டிய விடுப்பைக் கொடுப்பதும், படைப்பணி முடிந்ததும் திரும்ப வேலையில் அமர்த்துவதும் முதலாளியின் கடமை. வெறுமனே ஒரு நாற்காலியைக் காட்டினால் போதாது. இடையில் படைக்குப் போகாமலிருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பாரோ, அதற்குக் குறையாத வேலையும் நிபந்தனைகளும் தரப்பட வேண்டும். அழைப்பாணை வந்த பிறகு வேலைநீக்கம் செய்தால், கடமையைத் தட்டிக்கழிக்கவே அப்படிச் செய்ததாகச் சட்டம் கருதும். இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டியவர் முதலாளியே. வருங்கால வைப்பு நிதி உரிமையை 7பி பிரிவு காக்கிறது. நல்ல சட்டம், சந்தேகமில்லை.

ஆனால் பல் இல்லாத சட்டம். திரும்ப எடுக்க மறுப்பவர் மீது புகார் செய்தால், உரிய அதிகாரி முதலாளிக்கு விலக்கே அளித்துவிடலாம். அல்லது ஆறு மாதச் சம்பளத்துக்கு மிகாத இழப்பீட்டோடு முடித்துவிடலாம். உத்தரவை மீறினால் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய்! எல்லையில் நின்றவனின் வாழ்வுக்கு இதுவா விலை?

இன்னும் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. நிரந்தர அரசு ஊழியரிடம் நியமன ஆணை உண்டு, பணிப்பதிவேடு உண்டு. அதே அலுவலகத்தில் ஒப்பந்தக்காரர் மூலம் கூட்டிப் பெருக்குபவருக்கு, கணினியில் தட்டுபவருக்கு முதலாளி யார்? அலுவலகம் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டும். ஒப்பந்தக்காரர் அடுத்த ஆண்டே மாறிவிடுவார். மரக்காணம் உப்பளங்களில் நிலை இதைவிட மோசம். அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் உப்பளத்தில் தை மாதம் சேற்றை மிதித்துப் பாத்தியைத் தயார்செய்து, கோடை முழுக்கக் கண் கூசும் வெயிலில் உப்பு வாரிக் கரையேற்றுபவருக்கு அன்றாடக் கூலிதான். ஐப்பசி மழை இறங்கினால் அதுவும் இல்லை. வேலை செய்ததற்கு எழுத்தில் சான்றில்லாத அந்தத் தொழிலாளி சீருடை அணிந்து போனால், திரும்பி வந்து எந்த வேலையைக் கேட்பான்? அவன் ரத்தமும் நிரந்தர ஊழியரின் ரத்தமும் ஒன்றுதான். உரிமை மட்டும் ஏன் வேறாக வேண்டும்?

அபராதம் உயர்த்தப்பட வேண்டும். ஒப்பந்த ஊழியருக்கு அந்த அரசு அலுவலகமே முதலாளி எனச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். உப்பளத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் வேலைப் பதிவு அட்டை வழங்கப்பட வேண்டும்.

அதுவரை ஒன்றை மறக்கலாகாது: படைப்பணி முடிந்து இரண்டு மாதத்துக்குள் வேலை கேட்டு விண்ணப்பிக்கத் தவறினால், அதையே முதலாளி தன் எதிர்வாதமாக வைக்கலாம். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிவைக்க வேண்டும்.