மதுவேட்கையும் உற்றறிதலும்



செர்காம் வட்டாரத்தில் தமிழ் கற்பிப்போரும் கற்போரும் கூடியுள்ள இவ்வவையில், மதுநோய் மருத்துவத்தைப் பற்றி மொழியியலார் ஏன் பேசவேண்டும் என்னும் வினா எழலாம். நாம் மருத்துவர் அல்லோம். ஆயினும் அம்மருத்துவத்தின் ஒரு பகுதி, நோயுற்றவர் தம் உடலில் நிகழ்வதைத் தம் சொல்லால் கூறுவதில் தொடங்குகிறது. அவ்விடத்தில் மொழிக்குப் பணி உண்டு.

மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கோரினர். பின்னாளில் மலிவான சம்சு பல குடும்பங்களைச் சீரழித்தது. இத்துயரை நம் சமூகம் பெரும்பாலும் ஒழுக்கக்கேடாகவே கண்டது. குறளில் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே உண்டு. அறிவுரைக்கு நம்மிடம் குறைவில்லை. எனினும் காலையில் அறிவுரைக்குத் தலையசைத்தவரே மாலையில் மீண்டும் குடிக்கிறார். வேட்கை எண்ணமாக மட்டும் வருவதன்று. நாவறட்சியாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும் உடலில் எழுகிறது.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டவர் அமெரிக்க உளவியலறிஞர் ஆலன் மார்லாட். வேட்கையை அவர் அலைக்கு ஒப்பிட்டார். செர்காம் கடற்கரையில் நிற்போர் அறிவர்: அலை எழும், உச்சியடையும், தணியும். வேட்கையோடு போரிடாமலும் அதற்குப் பணியாமலும், அது உடலில் எவ்விடத்தில் எழுகிறது, எவ்வாறு மாறுகிறது என மூச்சைக் கவனித்தவாறு நோக்குதலே பயிற்சி. அவரும் அவர்தம் மாணாக்கரும் இதனை எட்டு வாரப் பாடமாக வகுத்தனர். தொடக்க மருத்துவம் முடித்த 286 பேரிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஓராண்டின் முடிவில், இப்பயிற்சி பெற்றோர் மற்றைய முறைகளில் பயின்றோரைவிடக் குறைந்த நாள்களே போதைப்பொருளை நாடினர். எல்லா ஆய்வுகளும் இதே அளவு நன்மையைக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்பயிற்சியைத் தமிழில் எவ்வாறு கூறுவது? ‘விழிப்புணர்வு’ என்றால் சுவரொட்டியும் பேரணியும் நினைவுக்கு வருகின்றன. தொல்காப்பியர் உயிர்களின் முதலறிவை உற்றறிவு என்றார். உடல் தொட்டறியும் அறிவு அது. அதன் பொருளைச் சற்று விரித்து, ‘உற்றறிதல்’ எனலாம் என்பது நம் கருத்து.

உற்றறிந்ததைச் சொல்லத் தோட்டத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கை வெடவெடக்கிறது, தலை கிறுகிறுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளுக்குள் குறுகுறுக்கிறது. இவையெல்லாம் இரட்டைக்கிளவியிற் பிறந்தவை. பிரித்தால் பொருள் தாரா. சேர்ந்தால் உடலின் நுண்ணிய வேறுபாட்டைக் காட்டும். ‘மன அழுத்தம்’ என்னும் பொதுச்சொல் இதனைச் செய்யாது.

இலக்கணமும் துணைநிற்கிறது. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு அழுகை வருகிறது’ என்கிறோம். உணர்வு நான்காம் வேற்றுமையால் ஒருவரிடம் வந்து சேர்கிறது. அவரே அவ்வுணர்வு ஆகிவிடுவதில்லை. ‘எனக்குக் குடிக்கவேண்டும்போல் இருக்கிறது’ என்னும் தொடரில் வினை உண்டு, காலம் உண்டு. இன்று இருப்பது நாளை ‘இருந்தது’ ஆகலாம். ‘நான் குடிகாரன்’ என்பதோ பெயர்ப்பயனிலைத் தொடர். அதில் வினையும் இல்லை, காலமும் இல்லை. எனவே முடிவும் தென்படுவதில்லை. தமிழ்நாட்டில் இன்று வழங்கும் ‘குடிநோயாளி’ என்னும் சொல், நோய்க்கு மருத்துவம் உண்டு என்பதையாவது உணர்த்துகிறது.

ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கடுநடுக்கமும் வலிப்பும் வரலாம். உயிருக்கே ஊறு நேரலாம். அதற்கு மூச்சுப்பயிற்சி மருந்தன்று, மருத்துவமனையே செல்லவேண்டும். உற்றறிதல் அதன்பின் வரும் நீண்ட நாள்களுக்கு உரியது.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் குடிநோயாளியின் பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கக்கூடும். ‘குடிகாரன் பிள்ளை’ என்னும் சொல் அவ்வகுப்பில் ஒலியாதிருக்கட்டும். இரட்டைக்கிளவிப் பாடம் நடத்துகையில், இலக்கண நூலின் எடுத்துக்காட்டுகளோடு நிறுத்தாமல், தம் உடல் உணர்வதைச் சொல்லுமாறு மாணவரைக் கேளுங்கள். தன் படபடப்புக்குப் பெயர் சொல்லக் கற்ற பிள்ளை, அதனை அடக்கப் புட்டியைத் தேடுமுன் சற்றே நிற்கும். அந்தச் சிறுபொழுதைத் தரும் ஆற்றல் நம் மொழிக்கு உண்டு.