ஹிஸ்டமின்: உடலின் வரவும் செலவும்

(பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் வாசகம்)

மீன் உண்ட அரை மணி நேரத்திற்குள் ஒருவருக்கு முகம் சிவக்கிறது; தலை வலிக்கிறது; உடலில் தடிப்புகள் எழுகின்றன; நெஞ்சு படபடக்கிறது. மீன் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். அன்று முதல் அவரது உணவிலிருந்து மலிவான, தரமான புரதம் ஒன்று அகன்றுவிடுகிறது. ஆனால் குறை எப்போதும் உண்டவரின் உடலில் இருப்பதில்லை. மீன் கரை சேர்ந்த விதத்திலும் இருக்கலாம். இவ்வேறுபாட்டை உணர்வதற்கு ஹிஸ்டமின் என்னும் சிறிய வேதிப்பொருளைப் பற்றி அறிதல் வேண்டும்.

உடலில் அதன் பணி

புரத உணவில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. அதிலிருந்து கரியமில வாயு நீங்கும்போது கிடைப்பதே ஹிஸ்டமின். 1907இல் ஜெர்மானிய வேதியியலாளர்களான விண்டவுஸ், ஃபோக்ட் ஆகியோர் இதைச் சோதனைச் சாலையில் உருவாக்கினர். 1910இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல், லெய்ட்லா ஆகிய இருவரும் இது உடலில் நிகழ்த்தும் விளைவுகளை விவரித்தனர். இது உடலிலேயே இயற்கையாக அமைந்த பொருள் என்பது 1927இல் உறுதியாயிற்று.

ஹிஸ்டமினை நோய்ப் பொருள் என்று கருதுவது தவறு. அது உடலின் காவலாளிகளுள் ஒன்று. தோல், மூச்சுக்குழல், குடல் முதலிய எல்லைப்புறங்களில் உள்ள மாஸ்ட் செல்கள் இதைச் சேமித்து வைத்திருக்கின்றன. காயமோ அயற்பொருளோ நேரும்போது இது வெளிப்பட்டு இரத்த நுண்குழல்களை விரியச் செய்கிறது. பாதுகாப்பு அணுக்கள் அவ்விடம் விரைய வழி பிறக்கிறது. இரைப்பையில் அமிலம் சுரக்கவும், மூளையில் விழிப்புணர்வு நிலைக்கவும் இதுவே துணைசெய்கிறது. ஒவ்வாமைக்கான பழைய மாத்திரைகள் தூக்கத்தைத் தருவதன் காரணம் இதனால் விளங்கும்.

ஹிஸ்டமின் செயற்படுவதற்கு நால்வகை ஏற்பிகள் உள்ளன. முதல் வகையைத் தடுக்கும் மருந்துகளுக்கு வழிவகுத்த டேனியல் போவே 1957இலும், இரைப்பை அமிலத்தைத் தூண்டும் இரண்டாம் வகையைத் தடுக்கும் மருந்தைக் கண்ட ஜேம்ஸ் பிளாக் 1988இலும் நோபல் பரிசு பெற்றனர்.

வரவு மிகுந்தால்

ஹிஸ்டமினை அழிப்பதற்கு உடலில் இரு நொதிகள் உள்ளன. ஒன்று செல்களுக்குள்ளே பணியாற்றுகிறது. டையமீன் ஆக்ஸிடேஸ் என்னும் மற்றொன்று, உணவின் வழியே வருவதைக் குடற்சுவரிலேயே சிதைத்துவிடுகிறது. வரவுக்கும் செலவுக்கும் பொருத்தம் உள்ளவரை தொல்லையில்லை.

இந்நொதி குறைவாக உள்ளவர்களுக்கு, பிறர் எளிதில் தாங்கும் அளவே தலைவலி, தோல் தடிப்பு, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கலாம். இதுவே ஹிஸ்டமின் ஏலாமை எனப்படுகிறது. நாட்பட்ட பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, திராட்சை மது போன்றவற்றில் ஹிஸ்டமின் மிகுதி. மது நொதியின் வேலையையும் தடை செய்கிறது.

ஏலாமை வேறு, ஒவ்வாமை வேறு. ஒவ்வாமையில் உடலின் எதிர்ப்பாற்றல் ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பகையெனக் கருதுகிறது; அங்கே சிறிதளவும் ஆபத்தாகலாம். ஏலாமையில் அளவே முக்கியம். எனினும் ஏலாமையை ஐயமற நிறுவக்கூடிய ஆய்வுக்கூடச் சோதனை எதுவும் இன்றளவும் ஏற்கப்படவில்லை. இரத்தத்தில் நொதியை அளப்பது மட்டும் போதாது. மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரங்கள் உணவைக் கட்டுப்படுத்தி, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதே நடைமுறை. தாமாகவே முடிவு செய்து பல உணவுகளை ஒதுக்குவோர் ஊட்டக்குறைவைத் தேடிக்கொள்கின்றனர்.

மீனில் விளையும் நஞ்சு

நொதியில் எக்குறையும் இல்லாதவரும் ஹிஸ்டமினால் துன்புறுவதுண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் மிகுதியாக உள்ளது. மீன் இறந்தபின் வெப்பம் இருப்பின், அதன் செவுளிலும் குடலிலும் வாழும் நுண்ணுயிர்கள் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. இவ்வாறு உருவானதைக் கொதிக்க வைப்பதோ, டப்பாவில் அடைப்பதோ, உறைய வைப்பதோ அழிப்பதில்லை. உலர்த்தும் முன் உருவானது கருவாட்டிலும் தங்கிவிடுகிறது. பார்வைக்கும் மணத்திற்கும் மீன் நன்றாகவே தோன்றலாம்.

உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2012இல் கூட்டிய நிபுணர் குழு, 50 மில்லிகிராம் வரை ஆரோக்கியமானவருக்குத் தீங்கு தெரிவதில்லை என்று கணித்தது. ஒருவர் ஒரு வேளையில் 250 கிராம் மீன் உண்பதாகக் கொண்டால், ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது எல்லையாகிறது. கெட்ட மீனில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேலும் இருப்பதுண்டு.

காசநோய்க்கான ஐசோநயாசிட் மருந்து டையமீன் ஆக்ஸிடேஸ் நொதியைத் தடுக்கும் இயல்புடையது. இம்மருந்து உட்கொண்டிருந்தவர்கள் சூரை மீன் உண்டு ஹிஸ்டமின் விளைவுகளுக்கு ஆளானது பற்றி இலங்கையிலிருந்து 1981இல் ஆய்வுக் குறிப்பு வெளியாயிற்று. காசநோயாளிக்குப் புரதம் இன்றியமையாதது. 2018இல் தொடங்கிய நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் மாதந்தோறும் வழங்கப்பட்ட 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதன் நோக்கமும் அதுவே. அப்பணத்தில் வாங்கும் மீன் கெட்டதாயிருந்து உடல் தடித்தால், நோயாளி மருந்தின்மீதே பழி சுமத்தி அதை நிறுத்திவிடக்கூடும். மருந்தை நிறுத்தாது, உடனே மருத்துவரை அணுக வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நலப்பணியாளரின் கடமையாகும்.

பனிக்கட்டியின் பொருளாதாரம்

இந்நஞ்சுக்கு மாற்று, மருந்தைக் காட்டிலும் பனிக்கட்டியே எனலாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது ஏறத்தாழ 80 கிலோகலோரி வெப்பத்தை ஈர்க்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் உள்ள ஒரு கிலோ மீனைச் சுழி நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 25 கிலோகலோரி நீங்கினால் போதும். அதாவது, கணக்கின்படி மூன்றில் ஒரு பங்கு பனிக்கட்டியே தேவை. ஆயினும் வெப்ப நாடுகளில் மீனுக்குச் சம எடை பனிக்கட்டி இடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. எஞ்சிய பங்கு வெயிலை எதிர்ப்பதிலேயே கரைந்துவிடுகிறது. ஆகவே, வெப்பம் புகாத பெட்டி ஒன்றில் முதலீடு செய்வது அன்றாடம் பனிக்கட்டிச் செலவை மிச்சப்படுத்தும் முதலீடாகும்.

ஐரோப்பிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் சூரை மீன் ஹிஸ்டமின் வரம்புக்கு உட்பட்டே ஏற்கப்படுகிறது. வாங்குவோர் நிபந்தனை விதிப்பதால், விற்போர் குளிரூட்டுகின்றனர். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையமும் உள்நாட்டு விற்பனைக்கு வரம்பு வகுத்துள்ளது. ஆனால் கூடையில் சுமந்து தெருவில் விற்கும் மத்திக்குச் சோதனை செய்பவர் யார்? விற்கும் பெண்ணுக்குப் பனிக்கட்டி ஒரு கூடுதல் செலவு. அதற்கான கூடுதல் விலையை வாங்குபவர் தருவதில்லை. பயன் சமூகத்தைச் சேர, செலவு ஒருவரைச் சேரும் இத்தகைய இடத்தில்தான் பொதுச்செலவு நியாயமாகிறது.

2020இல் 20,050 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம், பனிக்கட்டித் தொழிற்கூடங்கள், குளிர்பதனக் கிடங்குகள் ஆகியவற்றுடன், பனிக்கட்டிப் பெட்டி பொருத்திய இரு சக்கர வாகனங்களுக்கும் உதவ வகை செய்தது. கிடங்கின் கொள்ளளவை மட்டும் கணக்கிட்டால் இதன் வெற்றி புலப்படாது. பிடிபட்ட மீன் எத்தனை மணி நேரத்தில் பனிக்கட்டியைக் கண்டது என்பதே உண்மையான அளவுகோல். சிறு படகிலும், இறங்குதளத்திலும், விற்பவர் கூடையிலும் அது கிடைத்தாக வேண்டும்.

இவற்றோடு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மீன் உண்டபின் தடிப்புடன் வருவோரிடம் இரு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: அதே மீனை உண்ட பிறருக்கும் இவ்வாறு நேர்ந்ததா? இதற்கு முன் மீன் உண்டபோது நேர்ந்ததுண்டா? பலருக்கு ஒரே வேளையில் நேர்ந்திருப்பின், ஒவ்வாமையைவிட மீனின் மீதே ஐயம் கொள்ள வேண்டும். அச்செய்தி உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எட்ட வேண்டும். அப்போதுதான், பனிக்கட்டி இல்லாத குறைக்காக ஓர் ஏழைக் குடும்பம் மீனையே இழக்கும் நிலை மாறும்.