பாக்கெட் போடும் மிஷினை நாங்கள் தேர்ந்தெடுத்த விதம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மேடையேறிப் பேசிப் பழக்கமில்லைங்க. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். "நீ மிஷின் வாங்கினதைப் பத்தி மட்டும் சொல்லு கண்ணு, போதும்" என்று தலைவி அக்கா சொன்னதால், அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

எங்கள் குழுவில் 12 பேர். நாமக்கல் பக்கம் கோழிக்கும் முட்டைக்கும் என்ன பஞ்சம்? கோழி ஈரல், பண்ணையில் கீறல் விழுந்தது என்று ஒதுக்குகிற முட்டை, மக்காச்சோளம், கம்பு, அரிசித் தவிடு, இதையெல்லாம் சேர்த்து நாய்க்கு உலர் தீவனம் செய்கிறோம். சுண்டைக்காய் அளவுக்கு உருண்டை உருண்டையாக இருக்கும். வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை, அது நாய்க்கு ஆகாது. ஆரம்பத்தில் "நாய்க்குச் சோறாக்கி விக்கிறாளுக" என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்த வீட்டு மகனே இன்றைக்குக் கோயமுத்தூரில் இருந்துகொண்டு போன் போட்டு எங்களிடம் வாங்குகிறான், அது வேறு விஷயம்.

தீவனம் நன்றாகத்தான் இருந்தது. பாக்கெட்டில்தான் தொல்லை. முதலில் மெல்லிசான பாலிதீன் பையில் போட்டு, கையால் அமுக்கி ஒட்டுகிற சின்ன மிஷினில் ஒட்டினோம். ஒரு கடையிலிருந்து 30 பாக்கெட் திரும்பி வந்தது. சிலதில் எறும்பு ஏறியிருந்தது, சிலதில் காறல் வாடை. உருண்டையின் முனை குத்திப் பையில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. கண்ணுக்கே தெரியாது. தீவனத்தில் கோழிக் கொழுப்பு இருக்கிறது, அதில் காற்றும் வெளிச்சமும் பட்டால் காறிப் போகும். ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். மக்காச்சோளத்தில் பிடிக்கிற பூஞ்சண நஞ்சு நாயின் ஈரலையே கெடுத்துவிடும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். ஒரு நாய்க்கு ஏதாவது ஆனால் அப்புறம் எங்கள் சரக்கை யார் வாங்குவார்கள்?

அப்போதுதான் நல்ல மிஷின் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. கோயமுத்தூரில் ஒரு கம்பெனிக்காரர் 6 லட்சம் ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தார். மேலே பிளாஸ்டிக் ரோலை மாட்டிவிட்டால் அதுவே பை செய்து, அளந்து கொட்டி, ஒட்டி, வெட்டிக் கீழே தள்ளிவிடும். நிமிஷத்துக்கு 40 பாக்கெட். வீடியோ பார்த்துவிட்டு எங்கள் குழுவில் பாதிப் பேர் இதுதான் வேணும் என்றார்கள். ஊக்குநர் அக்காவுக்கும் அதில்தான் மனசு. "எத்தனை நாளைக்குக் கரண்டியில அள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கறது?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மத்தியானம் முழுக்க 3 பேர் குனிந்த முதுகோடு அதே வேலைதான்.

நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வாரத்தில் 3 நாள் தீவனம் போடுகிறோம், நாளுக்கு 150 கிலோ. அரைக் கிலோ பாக்கெட் என்றால் 300. நிமிஷத்துக்கு 40 போடுகிற மிஷினுக்கு அது 8 நிமிஷ வேலை கூட இல்லைங்க. மீதி நேரம் முழுக்க அது சும்மா நிற்கும், வட்டி மட்டும் சும்மா நிற்காது. 6 லட்சத்தை 12 வட்டியில் 3 வருஷத்தில் கட்டினால் மாசத் தவணை கிட்டத்தட்ட 20,000. மாசம் 1,800 கிலோ விற்று, கூலி, கரண்டு, சரக்கு, பை எல்லாம் போக எங்களுக்குக் கிலோவுக்கு 15 ரூபாய் நிற்கிறது. ஆக 27,000. தவணை போக 7,000. அதை 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 600 கூட வராது. இதைக் குழுக் கூட்டத்தில் வாசித்தபோது யாரும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா நோட்டை வாங்கி ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பணம் மட்டும் இல்லை, இன்னும் ரெண்டு விஷயம் இருந்தது. முதலாவது, அந்த மிஷின் கப்பால் அளந்து கொட்டும். படியில் அளக்கிறதும் தராசில் நிறுக்கிறதும் ஒண்ணா? எங்கள் தீவனம் ஒரு நாள் நன்றாகப் பொரிந்து வரும், ஒரு நாள் கெட்டியாக வரும். வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து, அரைக் கிலோ பிடிக்கிற அளவுக்குக் கோடு போட்டு, வேறு வேறு நாள் போட்ட தீவனத்தில் 10 தடவை அளந்து நிறுத்தேன். குறைந்தது 472 கிராம், கூடினது 518. குறைந்தால் வாங்குகிறவருக்கு மோசம், சட்டப்படியும் தப்பு. கூடினால் நமக்கு நஷ்டம். பாக்கெட்டுக்கு 18 கிராம் கூடப் போனால் 300 பாக்கெட்டுக்கு 5 கிலோவுக்கு மேல் சும்மா போகும். மாவு, தூள் சமாச்சாரத்துக்குத் திருகு வைத்த மிஷின் உண்டு, அதில் எங்கள் உருண்டையைப் போட்டால் அரைத்துத் தூளாக்கிவிடும். அதே பெரிய மிஷினில் எடை போடும் தலை வைக்கலாம் என்றார் கம்பெனிக்காரர், அதற்கு இன்னும் 3 லட்சம்.

ரெண்டாவது, பை. நாய் வளர்க்கிறவர்கள் ஒரு பாக்கெட்டை ஒரே நாளில் காலி பண்ணுவதில்லை. பிரித்து, மூடி, பிரித்து, மூடி ஒரு வாரம் வைத்துக்கொள்கிறார்கள். கடைக்காரரும் "ஜிப் வச்சு, நிக்கிற மாதிரி பவுச்சுல குடுங்கம்மா, மேசையில அடுக்க வசதியா இருக்கும்" என்றார். நாங்கள் பார்த்த ரோல் மிஷின் தலையணை மாதிரி பைதான் போடும். ரோலுக்கு நம்ம பெயரை அச்சடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செய்யணும், ரோலையும் நூற்றுக்கணக்கான கிலோவில்தான் கொடுப்பார்கள். நாளைக்கு விலையையோ போன் நம்பரையோ மாற்ற வேண்டி வந்தால் அத்தனையும் வீண். அதனால் முதலில் பையை முடிவு பண்ணினோம், அப்புறம்தான் மிஷினைத் தேடினோம். தையல்காரரிடம் துணியைக் கொடுக்காமல் ஊசி விலை பேசி என்ன பிரயோஜனம்?

கடைசியில் வாங்கியது இதுதான். எடை போட்டுக் கொட்டுகிற சின்ன மிஷின் ஒன்று, 62,000. மேலே தட்டில் தீவனத்தைக் கொட்டினால் தட்டு அதிர்ந்து அதிர்ந்து உருண்டைகள் முன்னால் நகர்ந்து விழும். அரைக் கிலோ நெருங்கும்போது வேகம் தானாகக் குறையும், நிறை வந்ததும் நிற்கும். கீழே பவுச்சைப் பிடித்துக் காலால் பெடலை அமுக்கினால் கொட்டும். அடுத்து, பெல்ட் ஓடுகிற சீலிங் மிஷின், 34,000. பவுச் வாயை ஒரு பக்கம் கொடுத்தால் சூட்டில் ஒட்டி மறுபக்கம் வந்துவிடும், தேதியும் அதிலேயே பதிந்துவிடும். தராசு 6,000, வண்டி வாடகை 3,000. மொத்தம் 1,05,000. அதில் 45,000 எங்கள் சேமிப்பு, 60,000 கூட்டமைப்பில் வாங்கிய கடன். மாசம் அசல் 5,000 வட்டியோடு கட்டுகிறோம், 8 மாசம் கட்டியாயிற்று. பவுச் மூணு அடுக்கு. வெளியே அச்சுக்கு ஒன்று, நடுவில் வெள்ளி மாதிரி மின்னுகிறதே அது வெளிச்சமும் காற்றும் போகாமல் இருக்க, உள்ளே ஒட்டுவதற்கு ஒன்று. வெறும் பவுச்சாக 1,000 வாங்கி நாங்களே ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்.

மிஷின் பார்க்கப் போனபோது எங்கள் தீவனத்தையே 10 கிலோ எடுத்துக்கொண்டு போனோம். ஒரு இடத்தில் "அதெல்லாம் வேண்டாம்மா, வீடியோ அனுப்பறேன்" என்றார்கள். நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். அடுத்த இடத்தில் 2 மணி நேரம் உட்கார்ந்து 20 பவுச் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றையும் எங்கள் தராசில் நிறுத்தோம். தட்டில் போவதற்கு முன்னாலும் பின்னாலும் சலித்து எவ்வளவு தூள் விழுகிறது என்று பார்த்தோம். ஒட்டின பவுச்சை வாளித் தண்ணீருக்குள் அமுக்கினோம், குமிழி வந்தால் ஓட்டை. இடுப்பு உயரத்தில் இருந்து கீழே போட்டும் பார்த்தோம். கடைக்காரர் சிரித்தார். பாத்திரக் கடையில் குடத்தைத் தட்டிப் பார்க்காமலா வாங்குகிறோம்?

கரண்டு பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஷெட்டுக்கு சிங்கிள் பேஸ்தான். பெரிய மிஷினுக்கு மூணு பேஸும் காற்று அடிக்கிற கம்ப்ரஸரும் வேணும், அந்தச் செலவு கொட்டேஷனில் எழுதியே இல்லை. ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்றும் கேட்கணும். சீலிங் மிஷினின் டெஃப்லான் பெல்ட் தேய்ந்து அறுந்து போகும், அதனால் ஆரம்பத்திலேயே 4 பெல்ட் வாங்கி வைத்துக்கொண்டோம். இதுவரை ரெண்டு மாற்றியிருக்கிறோம், நானே மாற்றினேன். தட்டு கழற்றிக் கழுவுகிற மாதிரி இருக்கணும், துருப்பிடிக்காத இரும்பாக இருக்கணும். கொழுப்பு வாடைக்கு ராத்திரி எலி வந்துவிடும்.

மிஷின் இருந்தாலும் பழைய வேலை சிலது போகவில்லை. தீவனம் நன்றாக ஆறினால்தான் போடுவோம். சூட்டோடு போட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் வரும். தூளைச் சலித்து எடுக்கணும், பவுச் வாயில் தூள் இருந்தால் ஒட்டினாலும் பிரிந்துவிடும். தராசுக்கு வருஷா வருஷம் தொழிலாளர் துறையில் முத்திரை போட்டு வாங்கணும். பாக்கெட்டில் பெயர், விலாசம், எடை, மாசம் வருஷம், வரியோடு சேர்த்த விலை, ஒரு கிராம் என்ன விலை, புகார் சொல்ல போன் நம்பர், எல்லாம் இருக்கணும். கோழித் தீவனத்துக்கு வரி கிடையாதே, நமக்கும் கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். நாய், பூனைத் தீவனத்தைப் பாக்கெட்டில் விற்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம். விலை போடும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பு பாக்கெட் போட்ட 3 பேருக்கும் இப்போதும் வேலை இருக்கிறது. மத்தியானம் முழுக்க ஆனது ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. ஒருவர் கடைகளுக்குப் போன் பேசி ஆர்டர் எடுக்கிறார். காலில் ஊனமுள்ள தங்கச்சி ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சீலிங் மிஷினைப் பார்த்துக்கொள்கிறாள், அவளை மிஞ்ச ஆளில்லை. ஊக்குநர் அக்கா இன்னும் பெரிய மிஷினை மறக்கவில்லை. நாளுக்கு 1,000 கிலோ ஓடட்டும், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மசாலாத்தூள் போடுகிற ஒரு குழுவினர் இதே மிஷின் வாங்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாங்க, தூளுக்கு இது சரிவராது, திருகு மிஷின் பாருங்கள். கடலை மிட்டாய், வறுகடலை, சிறுதானியம் போடுகிறவர்கள் புதன்கிழமை மத்தியானம் எங்கள் ஷெட்டுக்கு வாங்க, அன்றைக்குப் பாக்கெட் போடுவோம். வரும்போது உங்கள் சரக்கில் 2 கிலோவும், நீங்கள் போட நினைக்கிற பையில் நாலும் எடுத்துக்கொண்டு வாங்க. தட்டைக் கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறோம், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.