காயில் வாங்கும் முன் ட்வெல் கணக்கு போடுங்க

இந்த எபிசோடு காலேஜ்ல ஃபார்முலா ஸ்டூடண்ட் கார் கட்டிட்டு இருக்கறவங்களுக்கு. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேல நடக்கற ஃபார்முலா பாரத் போட்டிக்குத் தயாராகற தம்பி தங்கச்சிகளுக்கு வர்ற கேள்வி ஒண்ணு: எந்த இக்னிஷன் காயில் வாங்கறது?

கடைக்குப் போனா பெட்டி மேல 40,000 வோல்ட், 60,000 வோல்ட்னு போட்டிருக்கும். அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அது காயிலால அதிகபட்சம் தர முடிஞ்ச அளவு. நிஜத்துல பிளக் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு தேவையோ, வோல்டேஜ் அதுவரைக்கும்தான் ஏறும். அந்தத் தேவையை முடிவு பண்றது பிளக் கேப்பும் சிலிண்டர் அழுத்தமும்.

நாம பார்க்க வேண்டியது ட்வெல் டைம். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் முன்னாடி காயில்ல கரண்ட் ஏற எடுக்கற நேரம் அது. ஒரு உதாரணக் காயில் எடுத்துக்கலாம்: பிரைமரி இண்டக்டன்ஸ் 3 மில்லிஹென்றி, ரெசிஸ்டன்ஸ் 0.5 ஓம், தேவையான கரண்ட் 8 ஆம்பியர். சேமிக்கற ஆற்றல் சுமார் 96 மில்லிஜூல். பேட்டரி 14 வோல்ட்ல இருந்தா இதுக்கு 2 மில்லிசெகண்ட் போதும்.

இப்ப எஞ்சின் பக்கம் வாங்க. 12,000 ஆர்பிஎம்ல ஓடற நாலு சிலிண்டர் 600 சிசி பைக் எஞ்சின்ல, ரெண்டு சுத்துக்கு 10 மில்லிசெகண்ட். நாலு சிலிண்டருக்கும் ஒரே காயில்னா ஒரு ஸ்பார்க்குக்கு 2.5 மில்லிசெகண்ட்தான் கிடைக்கும். அதுக்குள்ள சார்ஜும் ஆகணும், பிளக்ல ஒரு மில்லிசெகண்டாவது எரியவும் வேணும். பத்தாது. சிலிண்டருக்கு ஒரு காயில் வெச்சா முழு 10 மில்லிசெகண்டும் அதுக்கே. கேடிஎம் 390 மாதிரி ஒரே சிலிண்டர்னா, 10,000 ஆர்பிஎம்ல ஒவ்வொரு சுத்துக்கும் ஸ்பார்க் விட்டாலும் 6 மில்லிசெகண்ட் இருக்கு. சாதாரணக் காயிலே தாராளம்.

அப்ப சிக்கல் எங்க வருது? எண்டியூரன்ஸ்ல. சுமார் 22 கிலோமீட்டர், பாதியில டிரைவர் மாறணும், எஞ்சினை அணைச்சுட்டு சூட்டோட மறுபடி ஸ்டார்ட் பண்ணணும். ஸ்டார்ட்டர் சுத்தும்போது பேட்டரி 9 வோல்டுக்கு இறங்குதுன்னு வைங்க. அதே காயிலுக்கு இப்ப 3.5 மில்லிசெகண்ட் வேணும். காயில் சூடாகி செம்புக் கம்பியோட ரெசிஸ்டன்ஸ் ஏறினா கிட்டத்தட்ட 4. ஈசியூல ட்வெல்லை 2 மில்லிசெகண்ட்னு நிலையா வெச்சிருந்தா கரண்ட் 5 ஆம்பியர்லயே நின்னுடும், ஆற்றல் பாதிக்கும் கீழ போயிடும். காலையில கராஜ்ல ஒரே கிராங்க்ல ஸ்டார்ட் ஆன கார், டிரைவர் மாத்தற இடத்துல படுத்துக்கும். ஒரு வருஷ உழைப்பு அங்கயே முடிஞ்சிரும்.

எதுக்கு வம்புன்னு எப்பவுமே 4 மில்லிசெகண்ட் கொடுத்தா? 14 வோல்ட்ல கரண்ட் தேவைக்கு மேல ஏறும், காயிலும் டிரைவரும் வெந்துடும். அதனால வோல்டேஜ் வாரியா ட்வெல் டேபிள் போடுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க.

ஒண்ணு, டேட்டாஷீட்ல ட்வெல் டேபிள் இருக்கா? இல்லாத காயில் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம்.

ரெண்டு, இக்னைட்டர் காயிலுக்குள்ளயே இருக்கா? இருந்தா ஈசியூ 5 வோல்ட் சிக்னல் கொடுத்தா போதும். இல்லாத காயிலை அந்த சிக்னல் பின்ல நேரா மாட்டினா ஈசியூ அவுட்புட் போயிடும். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது பழக்கமான கதைதான்: இன்டர்ஃபேஸ் பொருந்தலைன்னா உள்ள எவ்வளவு நல்ல கோடு இருந்தும் பிரயோஜனம் இல்ல.

மூணு, அது சிடிஐ காயிலா? பழைய கார்புரேட்டர் பைக்ல இருந்து கழட்டினது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கெபாசிட்டர்ல இருந்து வர்ற சில நூறு வோல்ட் துடிப்புக்காகச் செஞ்சது அது. இண்டக்டிவ் ஈசியூல மாட்டினா கரண்ட் எகிறிடும்.

வாங்கினதும் கிளாம்ப் மீட்டரும் ஆசிலோஸ்கோப்பும் வெச்சு கரண்ட் ஏறற கோட்டைப் பாருங்க. சூடான காயில்ல, இறங்கின பேட்டரியில ஒரு தடவை கண்டிப்பா பாருங்க. போட்டி அன்னைக்கு உங்க கார் இருக்கப் போற நிலைமை அதுதான்.

சந்தேகம் இருந்தா எழுதி அனுப்புங்க.