முகமும் நிலமும்



கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அமைந்த பழம்பதி சம்பூர். கரையில் நின்று வடக்கே நோக்குவோர்க்கு, நீர்ப்பரப்பின் அப்பால் திருகோணமலையின் குன்றுகள் நீலநிறங் கொண்டு தோன்றும். ஊரினுள்ளே வயலும் குளமும் பத்திரகாளி அம்பாள் கோயிலும் உள்ளன. மாவலி கங்கை கடலோடு கலப்பதும் இக்குடாவிலேதான். இவ்வளவு அழகும் கண்முன்னே கிடக்க, அதனைச் சீலையிலே வரைந்து சுவரில் மாட்டுவதால் ஆகும் பயன் யாது என்று ஒருவர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை தரும் ஓவியக் கூடம் ஒன்று கொழும்பிலே இருக்கிறது.

கொழும்பு ஏழாம் வட்டாரத்தில், பார்ன்ஸ் பிளேஸ் என்னும் வீதியில், சபுமல் நிறுவகம் என்ற பெயருடன் அமைந்துள்ள அவ்வில்லம் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடாகும். 1943 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் கொழும்பிலே கூடிய ஓவியர் சிலர் '43 குழு' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். மேனாட்டுப் பழைய பாணியை அப்படியே பின்பற்றுவதை விடுத்து, இந்நாட்டின் வாழ்வைப் புதிய நோக்கிலே தீட்ட வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல முதலியோரும் அதில் இருந்தனர். குழுவினரின் ஓவியங்கள் பல இன்று இவ்வில்லத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

அவற்றுள் இருவருடைய ஓவியங்கள் நம் வினாவுக்கு உரியன. ஒருவர் வீட்டுக்குரிய ஹரி பீரிஸ். மற்றவர் ஐவன் பீரிஸ். பெயர் மயக்கம் நேராதிருக்க அவர்களை ஹரி, ஐவன் என்றே குறிப்பிடுவோம். ஹரி ஆசிரியர், ஐவன் அவரிடம் ஓவியம் பயின்ற மாணவர்.

1904 இல் பிறந்த ஹரி இலண்டனிலும் பாரிசிலும் கலை பயின்றவர். சாந்திநிகேதனத்திலும் சில காலம் தங்கியவர். உலகம் சுற்றி வந்த பின் தாய்நாட்டிலே நிலைத்து, தம்மைச் சூழ இருந்தோரின் உருவங்களை வரைந்தார். உருவப்படம் என்றதும் பட்டும் பதக்கமும் அணிந்து நிற்கும் பெரிய மனிதரின் தோற்றமே பலர் நினைவுக்கு வரும். பதவியை வரைவது எளிது. ஒருவர் தம்மை மறந்து அமர்ந்திருக்கும் வேளையில் முகத்தில் படியும் அமைதியை வரைவது அரிது. ஹரி நாடியது அந்த அரிய செயலையே.

ஐவனின் வழி வேறு. 1921 இல் பிறந்த அவர், தெகிவளைக் கடற்கரையில் வளர்ந்தவர். திரைப்பட மேதை லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. 1953 ஆம் ஆண்டிலே இங்கிலாந்து சென்று அங்கேயே குடியமர்ந்தார். ஆயினும், பனியும் குளிரும் சூழ்ந்த அந்நாட்டில் இருந்துகொண்டு அவர் மீண்டும் மீண்டும் வரைந்தது யாது? தம் இளமைக் காலத்துக் கடற்கரையையே. நீண்டு கிடக்கும் மணல், ஓரிரு மரங்கள், தொடுவானம், கரையிலே தனித்து நிற்கும் மனித உருவம். கண்முன் இல்லாத கரையை நெஞ்சிலே கண்டு பல ஆண்டுகள் வரைந்தார்.

ஆசிரியர் நாட்டிலே இருந்து முகங்களை வரைந்தார்; மாணவர் நாட்டைப் பிரிந்து நிலத்தை வரைந்தார். இருவரும் 1988 ஆம் ஆண்டிலேயே மறைந்தனர். அவர்கள் தீட்டிய முகமும் நிலமும் இன்று ஒரே கூரையின் கீழ் அயலயலே இருக்கின்றன.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இது புதுமையன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், மனித உள்ளத்தின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் வகுத்து, இரண்டையும் பிரியாது பிணைத்தனர் நம் முன்னோர். கடல்சார்ந்த நெய்தலுக்கு அவர்கள் உரிமையாக்கியது இரங்கல். ஐவனின் கரையிலே தனித்து நிற்கும் உருவத்தைக் காணுந்தோறும் அவ்விலக்கணம் நினைவில் எழும்.

ஆனால் நிலத்தைப் பிரிந்தோர் எல்லாரும் ஓவியர் அல்லரே! அவர்கள் என் செய்வர்? யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இதற்கு ஒரு வழி கண்டார். போரினால் இடம்பெயர்ந்தோரை அணுகி, விட்டு வந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து வரையுமாறு வேண்டினார். அவர்கள் வரைந்த கோடுகளையும் கூறிய செய்திகளையும், அவற்றைக் கொண்டு தாம் தீட்டிய ஓவியங்களையும் சேர்த்து 2011 இல் நூலாக்கினார். முற்றுப்பெறாத தோம்பு என்பது அதன் தலைப்பின் பொருள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசின் ஏட்டிலே எல்லையும் பரப்பும் இருக்கும். கிணற்றடியும் மாமரமும் அம்மம்மா அமர்ந்த திண்ணையும் இரா. அவற்றைப் பதிவதற்குக் குடியிருந்தவர் கையே வேண்டும்.

இனிச் சம்பூருக்குத் திரும்புவோம். 2006 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே போரின் காரணமாக அவ்வூர் மக்கள் வெளியேறினர். ஏறக்குறையப் பத்தாண்டுகள் முகாம்களிலும் உறவினர் இல்லங்களிலும் கழிந்தன. 2015, 2016 ஆம் ஆண்டுகளில் நிலம் கட்டங்கட்டமாக மீளக் கிடைத்தபோது, பலர் திரும்பி வந்து கண்டது தம் வீட்டையன்று. வீடு இருந்த இடத்தையே. வேலியும் ஒழுங்கையும் பற்றைக்காட்டினுள் மறைந்திருந்தன. சுவரிலே தொங்கிய பாட்டன் பாட்டியரின் படங்களும் வீட்டோடு போயின.

முகாமிலே பிறந்த பிள்ளைக்குப் பழைய சம்பூரின் முகம் தெரியாது. அதனை அறிந்தவர் முதியவரே. அவருள்ளும் ஆண்டுதோறும் சிலர் மறைகின்றனர். பள்ளிப் பிள்ளையொன்று ஒரு தாளும் பென்சிலும் கொண்டு பாட்டியின் முன்னே அமரட்டும். முதலில் அவர் முகத்தை வரையட்டும். பின்னர் அவர் சொல்லச் சொல்லப் பழைய வளவை வரையட்டும். கிணறு எத்திசையில் இருந்தது, படலை எங்கே இருந்தது என்று கேட்டு வரையட்டும். கோடு கோணலாயினும் குற்றமில்லை. அத்தாள்களைப் பள்ளி மண்டபத்துச் சுவரிலே வரிசையாக ஒட்டினால், அதுவே சம்பூரின் ஓவியக் கண்காட்சி.

அழகைக் கண்டு மகிழ்வதற்கு மட்டுமன்று ஓவியம். இழந்ததை இன்னதென்று அறிந்து வைத்திருப்பதற்கும் அது வேண்டும். தெகிவளைக் கரையை ஒருவர் தூரதேசத்திலிருந்து காத்தார். கொட்டியாரக் கரையைக் காக்க வேண்டியோர் அக்கரையிலேயே இருக்கின்றனர்.