மவுஸ் வாங்கும் முன் மணிக்கட்டைக் கேளுங்கள்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"தண்ணீர் லாரி, லிஃப்ட், பார்க்கிங் மூன்றையும் விட்டுவிட்டு வேறு ஏதாவது பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால் இன்று மவுஸைப் பற்றிப் பேசுகிறேன். பி பிளாக் கார் ஒயரைக் கடித்த எலி இல்லை, கம்ப்யூட்டர் மவுஸ்.

போன ஏப்ரலில் நான் கொடுத்த ஒரு செக் திரும்பி வந்தது. கணக்கில் பணம் இருந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று காரணம் போட்டிருந்தார்கள். பேங்கில் கிளார்க்காக இருந்த காலத்தில் இதே காரணத்தை எழுதி எத்தனையோ பேருடைய செக்கை நான் திருப்பியிருக்கிறேன். அன்று என் கையெழுத்தைப் பார்த்தபோது எனக்கே அது என்னுடையதாகத் தெரியவில்லை. பேங்கைக் குறை சொல்ல வழியில்லை.

அதற்கு முந்தின மாதம் முழுக்க நம் சங்கத்தின் வருடக் கணக்கை முடிப்பதற்காகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வலது மணிக்கட்டில் வலி இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு விரல்கள் மரத்துப்போய் விழிப்பு வரும். எழுந்து கையை உதறினால் சரியாகும். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பேனா கையில் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் பயம் வந்தது.

அந்தப் பயத்தில் செய்த செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டுக்கு அடியில் வைக்கும் ஜெல் தலையணை 300 ரூபாய். கட்டைவிரலால் உருட்டும் பந்து வைத்த டிராக்பால் மவுஸ் 3,000 ரூபாய்க்கு மேல். கடைசியாக, செங்குத்து மவுஸ் 900 ரூபாய். முதல் இரண்டும் நஷ்டக் கணக்கில் போய்விட்டன. அவை மோசமான பொருள் இல்லை. என் வலி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வாங்கியதுதான் தப்பு.

ஜெல் தலையணை வந்ததும் மணிக்கட்டை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு வேலை செய்தேன். நரம்பு போகும் இடத்தையே நாள் முழுக்க அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். டிராக்பாலில் கையை நகர்த்தவே வேண்டாம் என்றார்கள். உண்மைதான், மணிக்கட்டு சும்மா இருந்தது. அதன் வேலையையும் சேர்த்துக் கட்டைவிரல் செய்தது. பத்தே நாளில் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்க ஆரம்பித்தது.

பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் மவுஸைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எந்தெந்த விரல் மரத்துப்போகிறது?" என்று கேட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றேன். அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது.

நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்கும் மேலே உள்ள ஒரு தசைநார்ப் பட்டைக்கும் நடுவில் குறுகலான ஒரு வழி இருக்கிறது. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்ற ஒரு நரம்பும் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நரம்புதான் நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி அந்த நரம்பின் பொறுப்பு. இதற்குக் கார்ப்பல் டனல் பாதிப்பு என்று பெயர். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்துப்போனால் அது வேறு நரம்பு. அது பெரும்பாலும் முழங்கையில் அழுத்தப்படுகிறது. மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, முடக்குவாதம், கர்ப்ப காலம் இவற்றிலும் இந்தப் பாதிப்பு வரலாம். அதனால் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை கூடியிருந்தது. நான் மவுஸைத் திட்டிக்கொண்டிருந்தேன், பழியில் ஒரு பங்கு காலை மாலை டிகிரி காபிக்கும் இருந்தது.

ஆகவே முதல் விஷயம். விரல் மரத்துப்போவது, பிடி தளர்ந்து டம்ளர் நழுவுவது, ராத்திரியில் வலியால் விழிப்பது, இவை இருந்தால் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். எந்த மவுஸும் மருந்து இல்லை. வேலை செய்யும்போது கை கோணலாகி அசதியும் வலியும் வருகிறதே, அதைக் குறைக்கத்தான் மவுஸ் உதவும்.

இரண்டாவது, காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை. முதலில் மேஜை உயரம். நம்மில் பலர் டைனிங் டேபிளில் உட்கார்ந்து வேலை செய்கிறோம். அது ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரம். சராசரி உயரமுள்ள பெண்களுக்கு அது அதிகம். தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மேல்பக்கம் மடங்கும். முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்படி நாற்காலியில் மெத்தை போட்டு உயர்த்துங்கள். கால் தொங்கினால் பரணில் கிடக்கும் மணைப்பலகையை எடுத்துக் காலுக்கு வையுங்கள்.

அடுத்தது கீபோர்டு. வலதுபக்கம் எண்கள் உள்ள பெரிய கீபோர்டு வைத்திருந்தால் மவுஸ் தள்ளிப்போகிறது. கை வெளிப்பக்கமாக நீண்டு, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் திரும்பிக்கொள்கிறது. எண் பகுதி தேவையில்லாதவர்கள் சின்ன கீபோர்டுக்கு மாறலாம். என்னைப் போலக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. நான் சில வேலைகளுக்கு மவுஸை இடதுகைக்கு மாற்றிக்கொண்டேன். செட்டிங்ஸில் மவுஸ் பகுதியில் இடது வலது பட்டனை மாற்றும் வசதி இருக்கிறது. ஒரு வாரம் தடுமாற்றமாக இருக்கும், பிறகு பழகிவிடும். அங்கேயே அம்புக்குறியின் வேகத்தையும் கூட்டிவையுங்கள், கை அலைச்சல் குறையும். எக்செல்லில் ஆல்ட் பட்டனையும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தினால் கூட்டுத்தொகை வந்துவிடும், அதற்கு மவுஸே வேண்டாம்.

மூன்றாவதுதான் மவுஸ். 1960களில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் இதை யோசித்தார், பில் இங்லிஷ் முதல் மவுஸை மரக்கட்டையில் செய்து கொடுத்தார். அன்றிலிருந்து சாதாரண மவுஸை உள்ளங்கையைக் கவிழ்த்துத்தான் பிடிக்கிறோம். இப்போது எல்லோரும் வலதுகையை நீட்டி உள்ளங்கையைத் தரையைப் பார்த்துத் திருப்புங்கள். முன்கை முறுக்கிக்கொள்வது தெரிகிறதா? அங்கே உள்ள இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்கே படுக்கிறது. இப்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுப்பதுபோல் வையுங்கள். முறுக்கு விட்டுவிட்டது. செங்குத்து மவுஸ் செய்வது இவ்வளவுதான்.

வலி இருக்கும் இடத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள். முன்கையிலும் மணிக்கட்டின் மேல்பக்கத்திலும் அசதி என்றால் செங்குத்து மவுஸ் பார்க்கலாம். தோள் வலி என்றால், கையை நகர்த்தத் தேவையில்லாத டிராக்பால் நல்லது. கட்டைவிரல் அடியில் வலி இருப்பவர்கள் கட்டைவிரல் பந்து உள்ளதைத் தொடாதீர்கள். நடுவில் பந்து வைத்து மற்ற விரல்களால் உருட்டும் வகை தனியாக இருக்கிறது. சுட்டுவிரல் வலி என்றால், லேசாக அழுத்தினாலே கிளிக் ஆகும் பட்டன்தான் முக்கியம், வடிவம் அடுத்தபடி.

அடுத்து அளவு. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். லாஜிடெக் கம்பெனி தன் லிஃப்ட் என்ற செங்குத்து மவுஸை 19 சென்டிமீட்டர் வரையுள்ள கைகளுக்கு என்று சொல்லி விற்கிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசத்தில் மவுஸ் கையில் உட்காராமல் போய்விடும். சின்னக் கைக்குப் பெரிய மவுஸ் வாங்கினால் விரலை நீட்டி நீட்டி அமுக்க வேண்டியிருக்கும், புது வலி வரும். இடதுகைக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலான செங்குத்து மவுஸ்கள் வலதுகைக்கு மட்டுமே செய்யப்படுகின்றன.

விலை விஷயத்தில் என் அனுபவம் இது. ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பதற்கும் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் விற்பதற்கும் கை வைக்கும் கோணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பட்டன் சத்தம், பிளாஸ்டிக்கின் தரம், எத்தனை வருடம் உழைக்கும் என்பதில்தான் வித்தியாசம். முதல் தடவை குறைந்த விலையில், ஒயர் உள்ளதாக வாங்குங்கள். பேட்டரி எடை இல்லை, சார்ஜ் கவலையும் இல்லை. ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று முதலில் படியுங்கள். நேரில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றால் அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

வாங்கின முதல் வாரம் அம்புக்குறி சொன்ன இடத்தில் நிற்காது. கிளிக் செய்யும்போது மவுஸ் பக்கவாட்டில் நகரும். அவசரமாகக் கை நீட்டினால் தட்டிக் கீழே விழும். முதலில் தினம் ஒரு மணி நேரம் பயன்படுத்திப் பழகுங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். எந்த மவுஸாக இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை கையை எடுத்துவிடுங்கள்.

எனக்கு இப்போது எப்படி இருக்கிறது? ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் இருக்கப் பட்டை போட்டுக்கொள்கிறேன், சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கிறது, நாற்காலி உயர்ந்திருக்கிறது, 900 ரூபாய் மவுஸும் ஓடுகிறது. எதனால் எவ்வளவு குணமானது என்று தனித்தனியாகப் பற்று வைக்க முடியவில்லை. ஆனால் நான்கு மாதம் கழித்துப் போட்ட செக் பாஸ் ஆனது.

கடைசியாக ஒன்று. நான் பட்டை போட்டுக்கொள்ள ஆரம்பித்த சமயம், என் மருமகள் இட்லி மாவுப் பாத்திரத்தை இடதுகையால் தூக்குவதைக் கவனித்தேன். அவள் வலதுகைப் பழக்கம் உள்ளவள். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறாள், லேப்டாப் அதே டைனிங் டேபிளில்தான். கேட்டேன். "எனக்கும் ஆறு மாசமா ராத்திரி விரல் மரத்துப் போகுது மாமா. உங்களுக்கே இவ்வளவு செலவு ஆச்சு, நான் வேற எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். எனக்கு மிகவும் கஷ்டமாகிவிட்டது. ஒரே மேஜையில் நான் என் கையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன், எதிரில் இருந்தவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரமே அவளையும் டாக்டரிடம் அழைத்துப் போனோம். ஆரம்ப நிலைதான், பயப்பட வேண்டாம் என்றார்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களிடம், எந்த விரல் மரத்துப்போகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டார்கள்.

என்னிடம் அந்த டிராக்பாலும், மருமகளுக்குப் பெரிதாகிப்போன ஒரு செங்குத்து மவுஸும் சும்மா இருக்கின்றன. இரண்டையும் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். வாங்குவதற்கு முன் யார் வேண்டுமானாலும் ஒரு வாரம் எடுத்துப் போய்ப் பயன்படுத்திப் பார்க்கலாம். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுங்கள். கையெழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டோம்.