வேலை பறிபோனவருக்கும் சங்கம் உண்டு

(அரசு ஊழியர் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க அலுவலகத்துல பக்கத்து மேசையில உட்கார்ந்திருந்தவர் இன்னைக்கு வரலை. விசாரிச்சா, "டிஸ்மிஸ் ஆர்டர் குடுத்துட்டாங்க"ன்னு சொல்றாங்க. அடுத்த மாதம் முதல் அவருக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாதவர் சந்தா கட்ட முடியாது. இப்போ சொல்லுங்க, அவர் நம்ம சங்கத்தோட ஆளா, இல்லையா?

இதற்கு யாரும் "இல்லை" என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நடப்பதில் பதில் தெரிந்துவிடுகிறது. முதல் வாரம் நிர்வாகிகள் போனை எடுப்பாங்க. இரண்டாவது மாதம் "மீட்டிங்ல இருக்கேன்"ம்பாங்க. ஆறாவது மாதம் அவர் சங்க அலுவலகப் படியேறினால், "நல்ல வக்கீலா பாருங்க தோழர்" என்று அனுப்பி வைப்பாங்க. நான் இன்னைக்குச் சொல்ல வந்தது இதுதான்: ஒருவர் வேலையில் இருக்கும்போது சங்கம் அவருக்குத் துணை. வேலை பறிபோன அன்றைக்குத்தான் அது கடமையாகிறது.

2003-ஐ நினைத்துப் பாருங்கள். ஓய்வூதியப் பலன்களும் சலுகைகளும் பறிக்கப்பட்டதை எதிர்த்து, ஜூலை 2-ஆம் தேதி தமிழ்நாடு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்றைய அரசு என்ன செய்தது? டெஸ்மா சட்டம் கையில் இருந்தது. அது போதாதென்று அவசரச் சட்டமும் வந்தது. விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. சுமார் 1,70,000 பேரை ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். எத்தனை வீட்டில் அன்றைக்கு உலை கொதித்திருக்காது!

வழக்கு உயர்நீதிமன்றம் போனது. அங்கே டிவிஷன் பெஞ்ச் என்ன சொன்னது தெரியுமா? முதலில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது. அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு உறுப்பினர்! லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தனித்தனியாக மனு எழுதிக்கொண்டு அந்த ஒருவர் முன்னால் வரிசையில் நின்றிருந்தால், பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வந்திருக்கும்.

தனி ஆளாகப் போ என்றால் அதன் பொருள் இதுதான், தோழர்களே. கதவு திறந்திருக்கும். ஆனால் உள்ளே போய்ச் சேர முடியாது.

தொழிற்சங்கத் தலைவர் டி.கே. ரங்கராஜன் பெயரில் வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2003 ஆகஸ்ட் 6-இல் வந்த அந்தத் தீர்ப்பு நமக்குக் கசப்பானதுதான். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமைகூட இல்லை என்று எழுதினார்கள். அதை நாம் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் அதே வழக்கில்தான், அத்தனை பேரையும் தீர்ப்பாயத்துக்குத் துரத்துவது நியாயமில்லை என்பதையும் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. மன்னிப்புக் கடிதம், உறுதிமொழி என்ற நிபந்தனைகளோடு பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பினார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். 6,000-க்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பட்டியலில் சேரவில்லை. கைதானவர்கள், வழக்குப் பதிவானவர்கள் என்று சொல்லி அவர்களை வெளியே நிறுத்தினார்கள். ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதிகள் முன் அவர்கள் தனியாகப் போய் நிற்க வேண்டியிருந்தது.

ஒரு சங்கத்துக்கு உண்மையான பரீட்சை எது? ஒன்றே முக்கால் லட்சம் பேர் தெருவில் நிற்கும்போது குரல் கொடுப்பது சுலபம். பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு, மிச்சம் நிற்கிற 6,000 பேருக்காகக் குரல் கொடுப்பதுதான் பரீட்சை. 6,000 பேரில் கடைசி ஆள் ஒருவருக்காக நிற்பது அதைவிடப் பெரிய பரீட்சை.

சாலைப் பணியாளர்களை எடுத்துக்குங்க. 2002-இல் ஏறத்தாழ 10,000 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். 2006-இல் திரும்பி வந்தார்கள். நடுவில் போனது 41 மாதம். "வேலைதான் கிடைச்சிடுச்சே"ன்னு அவர்களுடைய சங்கம் ஓய்ந்துவிடவில்லை. அந்த 41 மாதத்தையும் பணிக்காலமாகக் கணக்கில் எடு என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏன்? ஆர்டரை ரத்து செய்வதோடு அநியாயம் தீர்ந்துவிடாது. அது பணிப்பதிவேட்டில் ஒரு ஓட்டையாக நிற்கும், ஓய்வூதியம் வரைக்கும் துரத்தும்.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

அரசியலமைப்புச் சட்டத்தின் 311-ஆவது பிரிவு இருக்கிறது. என்ன குற்றம் என்று சொல்லாமல், விசாரிக்காமல், தன் பக்க நியாயத்தைச் சொல்ல வாய்ப்புத் தராமல் அரசு ஊழியரை நீக்கக் கூடாது. ஆனால் அதிலேயே விதிவிலக்கும் இருக்கிறது. விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று எழுதி வைத்துவிட்டால் விசாரணையே இல்லாமல் நீக்கலாம். 1985-இல் துளசிராம் படேல் வழக்கில் உச்சநீதிமன்றம் இதை உறுதி செய்தது.

அடுத்து ஒரு வேடிக்கை. மத்திய அரசு ஊழியர் சங்கங்களை அங்கீகரிப்பதற்கான 1993-ஆம் ஆண்டு விதிகளில் ஒரு நிபந்தனை இருக்கு: தனிப்பட்ட ஊழியரின் பணிப் பிரச்சினையைச் சங்கம் எடுத்துப் பேசக் கூடாதாம்! அப்புறம் சங்கம் எதுக்கு, காலண்டர் அடிச்சுக் குடுக்கவா?

ஆனால் இன்னொரு விதியும் இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 14-ஆவது விதிப்படி, விசாரணையை எதிர்கொள்ளும் ஊழியர் இன்னொரு அரசு ஊழியரைத் தன் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த நாற்காலியில் யார் உட்காருவது? விதி தெரிந்த, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்த, மேலதிகாரியைப் பார்த்து நடுங்காத ஒருவர். அப்படிப்பட்ட ஆளைத் தயார் செய்து அனுப்புவது சங்கத்தின் வேலை. சட்டம் ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று வழியாகப் போவோம். அந்த நாற்காலி காலியாக இருந்தால் அது அரசின் குற்றமல்ல, நம் குற்றம்.

இப்போ உங்க மனசுல ஒரு கேள்வி ஓடும். "தோழர், அந்த ஆள் நிஜமாவே தப்புப் பண்ணியிருந்தா? லஞ்சம் வாங்கியிருந்தா?" நியாயமான கேள்வி. லஞ்சத்தைக் காப்பாற்றுவது சங்கத்தின் வேலை அல்ல. அவருக்கு நேர்மையான விசாரணை கிடைத்ததா என்று பார்ப்பது சங்கத்தின் வேலை. ஆவணங்களைக் காட்டினார்களா? சாட்சியைக் கேள்வி கேட்க விட்டார்களா? செய்த தவறுக்கும் கொடுத்த தண்டனைக்கும் பொருத்தம் உண்டா? இன்றைக்குத் தவறு செய்தவருக்கு விசாரணை வேண்டாமென்று விட்டுவிட்டால், நாளைக்குத் தவறே செய்யாத உங்களுக்கும் விசாரணை இருக்காது.

கோலார் தங்கவயலில் ஒரு பாதுகாப்பு அதிகாரி. பணியிடை நீக்கம் செய்தார்கள், பிழைப்பூதியம் தரவில்லை. விசாரணைக்குப் போய்வரக் கையில் காசில்லை. அவர் இல்லாமலே விசாரணையை முடித்து டிஸ்மிஸ் செய்தார்கள். 1999-இல் உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. பட்டினி போட்டுவிட்டு "விசாரணைக்கு ஏன் வரலை"ன்னு கேட்பது விசாரணை ஆகாது. இதைக் கேட்டுப் பெற அவருக்கு எத்தனை ஆண்டுகள் போயின, எத்தனை படிகள் ஏறினார் என்று யோசியுங்கள்.

இன்னொன்றும் கேட்பீங்க. "அவர் நம்ம சங்கத்துல உறுப்பினரே இல்லையே?" இருக்கட்டுமே! அந்த ஆர்டர் போனது ஒருத்தர் பெயருக்கு. படித்துப் பயந்தது அலுவலகம் முழுக்க. அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே தோழர்களே, இங்கிருந்து போகும்போது நாலு வேலையை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்று: யாருக்காவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால், அன்று மாலைக்குள் சங்க நிர்வாகி ஒருவர் அவர் வீட்டில் இருக்க வேண்டும். விளக்கம் எழுத அவரைத் தனியாக விடாதீர்கள்.

இரண்டு: கிளைக்கு இரண்டு பேராவது விசாரணை விதிகளை வரிவரியாகப் படித்திருக்க வேண்டும்.

மூன்று: நீக்கப்பட்டவரின் உறுப்பினர் சீட்டை ரத்து செய்யாதீர்கள். அவர் சந்தாவைக் கிளை கட்டட்டும்.

நான்கு: மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கிறது. அந்தத் தேதியைச் சங்க அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள்.

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போ பதில் சொல்லுங்க. பக்கத்து மேசை காலியாக இருக்கிறது. அவர் நம்ம ஆளா, இல்லையா?

"ஆமாம்" என்றால், இன்று மாலையே அவருக்குப் போன் போடுங்கள். அவர் எடுத்ததும் "எப்படி இருக்கீங்க?"ன்னு மட்டும் கேட்டு வைச்சிடாதீங்க. "ஆர்டர் நகலை எடுத்து வைங்க தோழர், நாங்க வர்றோம்"னு சொல்லுங்க.